பழைய போன், டிவி, சிப்ஸ் கவர்: வித்த கம்பெனி கணக்குலயே திருப்பி ஒப்படைக்கிறது எப்படி

நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். நீங்க ஒரு டிவியோ மிக்ஸியோ போனோ வாங்கினீங்கன்னா, அது ஆயுசு முடிஞ்சதும் ஒழுங்கா பிரிச்சு ரீசைக்கிள் பண்ண வைக்கிறது அதை வித்த கம்பெனியோட பொறுப்பு, சட்டத்துலயே இருக்கு. அந்தச் செலவை கம்பெனி எங்கேர்ந்து எடுக்கும், நீங்க கொடுத்த விலைலேர்ந்துதான். அதாவது நீங்க ஏற்கனவே காசு கட்டியாச்சு. அப்படி இருக்கும்போது அந்த டிவியைத் தெருமுனை குப்பைத்தொட்டி பக்கத்துல வச்சுட்டு வந்தா, காசும் கட்டி, விஷத்தையும் நம்ம தெருவுலயே கொட்டின கதைதான்.

இதுக்கு ஈபிஆர்னு பேரு, உற்பத்தியாளரோட நீட்டிக்கப்பட்ட பொறுப்பு. 1990-ல ஸ்வீடன்ல தாமஸ் லிண்ட்க்விஸ்ட்ங்கிறவர் இந்த யோசனையை முன்வச்சார், அடுத்த வருஷமே ஜெர்மனி பேக்கேஜிங்குக்கு இதை சட்டமா கொண்டுவந்துடுச்சு. இந்தியாவுல எலக்ட்ரானிக் கழிவுக்கு 2011-ல முதல் விதிகள் வந்துச்சு, அப்புறம் 2016-ல ஒண்ணு, இப்ப நடைமுறைல இருக்கிறது 2022 விதிகள், 2023 ஏப்ரல் 1-லேர்ந்து அமல். முன்னாடி 21 வகை பொருள்தான் லிஸ்ட்ல இருந்துச்சு, இப்ப 106. போன், லேப்டாப், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மட்டும் இல்ல, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டியூப் லைட், எலக்ட்ரானிக் பொம்மை, மருத்துவ உபகரணம், சோலார் பேனல் வரைக்கும் எல்லாம் உள்ள வந்தாச்சு.

பணம் எப்படி ஓடுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்

இதை ஸ்கிப் பண்ணிடாதீங்க, இது புரிஞ்சாதான் யார்கிட்ட கொடுக்கணும் யார்கிட்ட கொடுக்கக்கூடாதுன்னு தானா விளங்கும்.

ஒரு கம்பெனி டிவி விக்குதுன்னு வைங்க. ஒரு டிவியோட சராசரி ஆயுசு இத்தனை வருஷம்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதான் சிபிசிபி, ஒரு கணக்கு வச்சிருக்கு. அத்தனை வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கம்பெனி எவ்வளவு எடை டிவி வித்துச்சோ அதுல ஒரு பங்கை இந்த வருஷம் ரீசைக்கிள் ஆக வைக்கணும். 2023-24, 2024-25 ரெண்டு வருஷத்துக்கும் 60 சதவீதம், 2025-26, 2026-27-க்கு 70 சதவீதம், 2027-28-லேர்ந்து 80 சதவீதம். கம்பெனியே ஆலை கட்டி பிரிக்கணும்னு இல்ல. பதிவு பெற்ற ரீசைக்ளர் ஒருத்தர் பிரிச்சு தங்கம், செம்பு, அலுமினியம், இரும்புன்னு எடுத்தா அந்த அளவுக்கு சிபிசிபி-யோட இணையதளப் போர்ட்டல்ல அவருக்கு சர்டிபிகேட் உருவாகும், கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கி தன் கணக்கை நேர் பண்ணிக்கும். இந்த சர்டிபிகேட் விலை ரொம்ப அடிமட்டத்துக்குப் போயிடக்கூடாதுன்னு 2024-ல அரசாங்கம் குறைந்தபட்ச விலை வச்சுது, வீட்டு உபயோக எலக்ட்ரானிக்ஸுக்கு கிலோவுக்கு 22 ரூபாய், அதை எதிர்த்து சில பெரிய கம்பெனிகள் டெல்லி ஹைகோர்ட்டுக்கே போனாங்க. அவ்வளவு பெரிய பணம் இதுல இருக்கு. இலக்கை முடிக்காத கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும், கட்டினாலும் பாக்கி இலக்கு அழியாது, அடுத்தடுத்து மூணு வருஷம் வரைக்கும் கூடவே வரும்.

இப்ப யோசிங்க. உங்க பழைய டிவி பதிவு இல்லாத ஒரு குடோனுக்குப் போகுது. அங்க ஒயரை எரிச்சு செம்பு எடுப்பாங்க, போர்டை ஆசிட்ல முக்கி தங்கம் எடுப்பாங்க, மிச்சத்தை ஏரிக்கரைல கொட்டுவாங்க, அந்தப் புகையை மூச்சுல இழுக்கிறது அங்க வேலை செய்யற ஜனங்க. அதே சமயம் கம்பெனிக்கு இலக்கு இலக்காவே இருக்கும், ரீசைக்ளர்கிட்ட சரக்கு இருக்காது, ஆனா சர்டிபிகேட்டுக்கு கிராக்கி இருக்கும். அப்ப என்ன நடக்கும்? பிளாஸ்டிக் விஷயத்துல நடந்தே இருக்கு, 2023-ல சிபிசிபி ஆடிட் பண்ணப்போ ஒரு சில ரீசைக்ளிங் கம்பெனிகள் மட்டுமே 6 லட்சத்துக்கு மேல போலி சர்டிபிகேட் உருவாக்கி வச்சிருந்தது வெளிய வந்துச்சு. பேப்பர்ல ரீசைக்கிள் ஆன பிளாஸ்டிக் நிஜத்துல வாய்க்கால்ல கிடந்திருக்கு. அதனால நீங்களும் நானும் பொருளை எங்க கொடுக்கிறோம்ங்கிறதுதான் இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் அஸ்திவாரம். பொருள் சரியான இடத்துக்குப் போனாதான் பேப்பர் உண்மையாகும்.

உலகம் முழுக்க 2022-ல 6.2 கோடி டன் இ-வேஸ்ட் உண்டாச்சு, அதுல முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதா கணக்குல வந்தது 22.3 சதவீதம்தான்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

போன் வேலை செய்யுதுன்னா முதல்ல அதுலேர்ந்து உங்க கூகுள் அக்கவுண்டையோ ஆப்பிள் அக்கவுண்டையோ வெளியேத்துங்க, அதுக்கப்புறம்தான் ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை முக்கியம், அக்கவுண்ட் எடுக்காம நேரா ரீசெட் மட்டும் போட்டா போன் லாக் ஆகி நிக்கும், நல்லா ஓடுற போனைக்கூட யாராலயும் ரிப்பேர் பண்ணி இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது, நேரா நொறுக்கத்தான் போகும். சிம், மெமரி கார்டு எடுத்துடுங்க. செத்துப்போன போன்னா சிம், கார்டை மட்டும் எடுத்துட்டு, கொடுக்கிற இடத்துல டேட்டா அழிக்கிறதுக்கு சர்டிபிகேட் தருவாங்களான்னு கேளுங்க, ஆபீஸ் லேப்டாப்னா இது கட்டாயம் கேக்கணும். பயந்துபோய் சுத்தியலால உடைக்காதீங்க, உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு, குத்துப்பட்டா தீப்பிடிக்கும்.

உப்பிப்போன பேட்டரி இருந்தா அதைத் தனியா எடுத்து வைக்கணும். சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, வெயில்ல வைக்காதீங்க. முனையில செலோடேப் ஒட்டி, மணல் போட்ட ஒரு பழைய டப்பாவுல வச்சு, எரியற பொருள் எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல வைங்க, சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்க. குப்பை வண்டில போட்டா கம்ப்ரஸ் பண்ணும்போது தீப்பிடிச்சு தூய்மைப் பணியாளர்தான் மாட்டிக்குவார், தயவுசெஞ்சு பவர்பேங்கையும் இயர்பட்ஸையும் மக்காத குப்பைப் பையில போடாதீங்க. பேட்டரிக்குன்னு தனியா 2022-ல பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் இருக்கு, கார் பேட்டரி, இன்வெர்டர் பேட்டரி, ரிமோட்டுக்குப் போடுற பென்சில் பேட்டரி வரைக்கும் அதுக்குள்ள வரும். இன்வெர்டர் பேட்டரிக்கு கடைக்காரரே பழசை எடுத்துக்கிட்டு விலைல கழிச்சுக்குவார், ஈயத்துக்கு விலை இருக்கு, அதனால அது மட்டும் ஓரளவு தானா நடக்குது. ஆனா உள்ள இருக்கிற ஆசிட்டை வீட்டு வாசல் சாக்கடைல ஊத்திட்டு காலி டப்பாவா எடுத்துட்டுப் போறேன்னு யாராவது சொன்னா விடாதீங்க, ஆசிட்டோட அப்படியே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

சரி, எங்க கொடுக்கிறது

பொருளோட பின்பக்கம் பாருங்க, சக்கரம் வச்ச குப்பைத்தொட்டி படம் போட்டு மேல குறுக்குக்கோடு அடிச்சிருக்கும். இதைக் குப்பையில போடாதேன்னு அர்த்தம். அந்தக் குறி இருந்தா அது இந்த விதிகளுக்குக் கீழ வர்ற பொருள்னு வச்சுக்கலாம்.

அடுத்து அந்தக் கம்பெனியோட வெப்சைட்டுக்குப் போங்க. அடிப்பக்கத்துல, பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத சின்ன எழுத்துல, இ-வேஸ்ட்னு ஒரு லிங்க் இருக்கும், அதுக்குள்ள டோல்-ஃப்ரீ நம்பர், கலெக்ஷன் சென்டர் முகவரி எல்லாம் போட்டிருப்பாங்க. ஃபோன் போட்டு மாடல் பேரு, ஊரு, பின்கோடு சொன்னா பெரிய பொருளுக்கு ஆள் அனுப்புவாங்க, சின்ன பொருள்னா சர்வீஸ் சென்டர்ல போடச் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு, 2016 விதிகள்ல கம்பெனிகளுக்குன்னு கலெக்ஷன் ஏற்பாடு பண்ற கடமை நேரடியா இருந்துச்சு, 2022 விதிகள்ல சர்டிபிகேட் வாங்கிக் கணக்குக் காட்டுறதுதான் மையம். அதனால சில இடத்துல ஃபோனை எடுக்கவே மாட்டாங்க, சில சர்வீஸ் சென்டர்ல உக்காந்திருக்கிற பையனுக்கு நீங்க என்ன கேக்குறீங்கன்னே புரியாது. அந்தப் பையன்கிட்ட கோபப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. கம்பெனி ஈமெயிலுக்கு எழுத்துல அனுப்புங்க, அதுதான் பின்னாடி உதவும்.

கம்பெனி வழி சரியா வரலைன்னா நேரா ரீசைக்ளர்கிட்டயே போகலாம். சிபிசிபி-யோட இ-வேஸ்ட் ஈபிஆர் போர்ட்டல்ல பதிவு பெற்ற ரீசைக்ளர் பட்டியல் மாநில வாரியா இருக்கு, யார் வேணா பாக்கலாம். தமிழ்நாட்டுல ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இப்படிப்பட்ட ஆலைகள் இருக்கு. ஒரு போனுக்காக அவங்க வண்டி அனுப்ப மாட்டாங்க, அது நியாயம்தான், அதனாலதான் பத்து வீடு சேர்ந்து செய்யணும்னு கீழ சொல்லப்போறேன். சென்னைல இருக்கிறவங்க மாநகராட்சியோட 1913 நம்பருக்கு ஃபோன் பண்ணி உங்க வார்டுல இ-வேஸ்ட் எங்க வாங்குறாங்கன்னு கேளுங்க. தயாரிச்ச கம்பெனியே மூடிட்டான், இல்ல பேரே போடாத லோக்கல் சரக்கு, அப்படின்னா அந்த அனாதைப் பொருளைச் சேகரிச்சு ரீசைக்ளருக்கு அனுப்ப வேண்டியது உள்ளாட்சி அமைப்போட கடமை, 2022 விதிகள்லயே இருக்கு, அதனால நகராட்சி ஆபீஸ்ல தயங்காம கேக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல கொடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுற பொருள்னா நல்லது, யாரோ ஒருத்தர் இன்னும் சில வருஷம் ஓட்டுவாங்க, அதைவிடச் சிறந்த ரீசைக்ளிங் கிடையாது. ஓடாத பொருளையும் ஐநூறு ரூபாய்க்கு எடுத்துக்கிறாங்கன்னா அது எங்க போகுதுன்னு கடைல கேளுங்க. பதிவு பெற்ற ரீசைக்ளர் பேரைச் சொல்லத் தெரிஞ்சா கொடுங்க, தெரியலைன்னா வேற வழி பாருங்க.

காயலான் கடை அண்ணனைப் பத்தி

பழைய இரும்புக் கடை, பழைய பேப்பர் கடை வச்சிருக்கிறவங்களைக் குத்தம் சொல்ல நான் வரல. இந்த நாட்டுல ரீசைக்ளிங்னு ஒண்ணு உயிரோட இருக்குன்னா அது அவங்களாலயும் தெருத்தெருவா குப்பை சேகரிக்கிறவங்களாலயும்தான், எந்தக் கம்பெனியாலயும் இல்ல. இரும்பு, பித்தளை, அட்டை, பாட்டில், நியூஸ்பேப்பர் எல்லாம் தாராளமா அவங்ககிட்டயே கொடுங்க. ஆனா சர்க்யூட் போர்டு, பேட்டரி, பிக்சர் டியூப், ஃப்ரிட்ஜ் இந்த நாலும் அங்க பிரிக்கிறதுக்கான பொருள் இல்ல. உங்க ஏரியா கடைக்காரர் ஏதாவது பதிவு பெற்ற ரீசைக்ளருக்கு சரக்கு முழுசா, உடைக்காம அனுப்புறார்னா கொடுக்கலாம், கேட்டா சொல்லுவார், ரசீது வச்சிருப்பார். அப்படி அனுப்புற கடைக்காரருக்கு ரீசைக்ளர் நல்ல விலை கொடுக்கணும், அதுக்குத்தான் அந்த சர்டிபிகேட் பணம் பயன்படணும்.

பொருள் வாரியா கவனிக்க வேண்டியது

பழைய பொட்டி டிவி. தமிழ்நாட்டுல இது தனிக்கதை. 2006-லேர்ந்து அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுத்துச்சு, 1.5 கோடி வீட்டுக்கு மேல போச்சு, எல்லாமே பிக்சர் டியூப் டிவி. அந்த டியூப்போட பின்பக்கக் கண்ணாடில ஈயம் கலந்திருக்கும், கிலோ கணக்குல. முழுசா இருக்கிற வரைக்கும் ஆபத்து இல்ல, உடைச்சாதான் பிரச்சினை. ஆனா செம்புக் காயிலுக்காக அதைத்தான் முதல்ல உடைக்கிறாங்க, கண்ணாடியைக் காலி மனைல வீசிடுறாங்க. உங்க வீட்டுப் பரண்ல, கிராமத்துல அப்பத்தா வீட்டுத் திண்ணைல அப்படி ஒண்ணு இருந்தா உடைக்காம, ஸ்கிரீன் பக்கம் துணி சுத்தி, முழுசா எடுத்துட்டுப் போங்க. விலை ஒண்ணும் பெருசா வராது, சில ரீசைக்ளர் வாங்கவே யோசிப்பாங்க, ஏன்னா ஈயக் கண்ணாடியை ஒழுங்கா அப்புறப்படுத்த அவங்களுக்கு செலவு. கூட நாலு லேப்டாப்பும் ஒயரும் சேர்த்துக் கொடுத்தா வாங்கிக்குவாங்க.

ஃப்ரிட்ஜ், ஏசி. கேஸை வெளிய விட்டுட்டு கம்ப்ரஸரை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போறது ரொம்ப சகஜமா நடக்குது. பழைய ஃப்ரிட்ஜ் கேஸ் பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டை ஆக்சைடைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மோசம், ரொம்பப் பழசுன்னா ஓசோனையும் ஓட்டை போடும். புது மாடல்கள்ல வர்ற ஆர்600ஏ எரியற வாயு, வெட்டுறவருக்கே ஆபத்து. அதனால வாசல்ல வச்சு பைப்பை வெட்ட யாரையும் விடாதீங்க, முழுசா ஏத்திட்டுப் போறவங்ககிட்ட மட்டும் கொடுங்க.

டியூப் லைட், சிஎஃப்எல். உள்ள பாதரசம் இருக்கு. பழைய அட்டை உறைலயே போட்டு நிக்க வைங்க. வீட்டுக்குள்ள உடைஞ்சா ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, குழந்தைங்களை வெளிய அனுப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கெட்டி அட்டையால கூட்டி எடுத்து, மிச்சத் தூளை ஈரத்துணியால ஒத்தி, மூடி போட்ட டப்பாவுல போடுங்க, துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம்.

சோலார் பேனல் போட்டவங்க இப்ப கவலைப்பட வேண்டாம், ஆனா பில்லையும் கம்பெனி பேரையும் பத்திரமா வைங்க. தயாரிப்பாளர்கள் பேனல் கழிவை 2034-35 வரைக்கும் சேமிச்சு வைக்கணும்னு விதி சொல்லுது, உங்க பேனல் உடைஞ்சா அவங்கதான் எடுத்துக்கணும்.

அபார்ட்மெண்ட், தெரு, ஸ்கூல்ல சேர்ந்து செய்யறது

எனக்குத் தெரிஞ்சு நிஜமாவே பலன் கொடுக்கிற வழி இதுதான். தனி ஆளா ஒரு சார்ஜரைத் தூக்கிட்டு கும்மிடிப்பூண்டி போக முடியாது, ஆனா ஒரு அபார்ட்மெண்ட் சேர்ந்தா வண்டி தானா வரும். போகிக்கு முன்னாடி வாரம் வைங்க, வீட்டை ஒழிக்கிற நேரம், பரண்ல இருக்கிறது எல்லாம் தானா கீழ வரும், எரிக்கிறதுக்குப் பதிலா இங்க வரட்டும்.

முதல்ல ரீசைக்ளரை முடிவு பண்ணுங்க, அப்புறம் தேதி. நிறைய பேர் தலைகீழா பண்ணி, சேத்த சரக்கு செக்யூரிட்டி ரூம்ல மாசக்கணக்கா கிடக்கும். ரீசைக்ளர்கிட்ட கேக்க வேண்டியது: சிபிசிபி பதிவு எண் என்ன, போர்ட்டல்ல அது இருக்கான்னு நீங்களே சரிபாருங்க. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி எந்தத் தேதி வரைக்கும் செல்லும். எந்த ஆலைல பிரிக்கப்போறாங்க, அவங்களே பிரிக்கிறாங்களா இல்ல வாங்கி வேற யாருக்காவது விக்கிறாங்களா, இந்தக் கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்லயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். குறைஞ்சது எவ்வளவு கிலோ இருந்தா வண்டி அனுப்புவாங்க, என்ன எடுக்க மாட்டாங்க. கிலோவுக்கு அதிகக் காசு தர்றவங்களைத் தேர்ந்தெடுக்காதீங்க, சட்டப்படி எல்லாம் செய்யறவருக்கு செலவு இருக்கு, அவர் கொஞ்சம் கம்மியாத்தான் தருவார்.

நாலு டப்பா வைங்க: பேட்டரி தனி, பல்பு டியூப் தனி, போன் லேப்டாப் தனி, மிச்சம் ஒண்ணு. பேட்டரி டப்பா நிழல்ல, தரைல, யாராவது பாத்துக்கிற இடத்துல. வண்டி வந்ததும் உங்க கண்ணு முன்னாடியே எடை போட்டு ரசீது வாங்குங்க, வண்டி நம்பரைக் குறிச்சுக்குங்க, அப்புறம் ரீசைக்கிள் ஆன சர்டிபிகேட்டை மெயில்ல அனுப்பச் சொல்லி, வந்ததும் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அந்த ஒரு பேப்பரைப் பாத்துதான் அடுத்த வருஷம் நம்பிக் கொடுப்பாங்க.

ஒரு நிதியாண்டுல ஆயிரமோ அதுக்கு மேலயோ எலக்ட்ரானிக் பொருள் பயன்படுத்துற ஆபீஸ், காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் சட்டப்படி மொத்த நுகர்வோர், அவங்க பதிவு பெற்றவங்ககிட்ட மட்டும்தான் கொடுக்கணும். உங்க ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரை ஏலம் விடுறாங்கன்னா, ஏலம் எடுக்கிறவருக்குப் பதிவு இருக்கான்னு அட்மின்கிட்ட கேளுங்க, நிறைய இடத்துல யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

பாக்கெட், கவர், பாட்டில்

பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்கும் இதே மாதிரி பொறுப்பு உண்டு, 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளோட 2022 பிப்ரவரில ஈபிஆர் வழிகாட்டுதல் சேர்ந்துச்சு. கெட்டி பிளாஸ்டிக் ஒரு வகை, பால் கவர் மாதிரி மெல்லிசு ஒரு வகை, சிப்ஸ் கவர் மாதிரி பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டின பல அடுக்கு ஒரு வகை, மக்கும் பிளாஸ்டிக் இன்னொரு வகை. 2023-24-லேர்ந்து கம்பெனிகள் போடுற அளவுக்கு 100 சதவீதம் கணக்குக் காட்டணும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, நிறைய பாக்கெட்ல பொடி எழுத்துல பிளாஸ்டிக் பதிவு எண் போட்டிருப்பாங்க.

இங்க நீங்க கம்பெனிகிட்ட நேரா கொண்டுபோய்க் கொடுக்க வழி கிடையாது, பிரிச்சுக் கொடுக்கிறதுதான் வழி. அடில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும். 1 தண்ணி பாட்டில், 2 ஷாம்பு பாட்டில், 5 பார்சல் டப்பா, இந்த மூணும் கழுவிக் காய வச்சா பழைய பேப்பர் கடைலயே போகும். 4 பால் கவர், நம்ம அம்மாங்க காலங்காலமா கழுவிச் சேத்து எடைக்குப் போட்டதுதான், அதைத் தொடருங்க, ஒரே ஒரு மாத்தம், வெட்டும்போது மூலைத் துண்டு தனியா விழாம கவரோடயே ஒட்டி இருக்கிற மாதிரி வெட்டுங்க, அந்தத் துண்டை யாராலயும் பொறுக்க முடியாது.

சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஒரு ரூபாய் ஷாம்பு சாஷே இதெல்லாம்தான் பெரிய தலைவலி. எந்தக் கடையும் வாங்காது, ஏன்னா அடுக்கைப் பிரிச்சு திரும்பப் பொருள் பண்றது லாபமே இல்ல. பெரும்பாலும் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள்ல நிலக்கரிக்குப் பதிலா எரியுது, கொஞ்சம் ரோடு போடப் போகுது, அந்த ரோடு டெக்னிக்கே நம்ம மதுரை தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கண்டுபிடிச்சது, 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஏரிக்குப் போறதுக்கு இது மேல்தான், ஆனா இதை ரீசைக்ளிங்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஒரு தடவை எரிஞ்சா முடிஞ்சது. இதுக்கு நிஜமான தீர்வு கம்பெனி பாக்கெட்டையே மாத்துறது, ஒரே வகை பிளாஸ்டிக்ல பண்றது. நீங்க செய்யக்கூடியது, இந்தக் கவர்களை ஈரம் இல்லாம தனிப் பையில சேத்து உலர் குப்பை நாள்ல கொடுக்கிறது, குழம்பு ஒட்டின கவரை எங்கயும் எடுத்துக்க முடியாது.

பணத்தைக் கட்டிப் போட்டா பொருள் திரும்பி வரும்ங்கிறதுக்கு நீலகிரியைப் பாருங்க. காட்டுல உடைஞ்ச பாட்டில் யானை கால்ல குத்துதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தலையிட்டு, 2022 மே மாசம் அங்க டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தா திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு, அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனாங்க. கடை ஊழியர்களுக்கு வேலைப்பளு கூடுது, இடம் இல்லைன்னு அவங்க சொல்றது நியாயமான குறை, அதைச் சரி பண்ணனும். ஆனா இதே முறையைத் தண்ணி பாட்டிலுக்கும் கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கும் ஏன் கொண்டுவரலைங்கிற கேள்வியை நாம விடாம கேக்கணும்.

வீட்டுலேர்ந்தே பொடி, ஊறுகாய், முறுக்கு விக்கிறவங்களுக்கு

உங்க பேருல பாக்கெட் போட்டு வித்தா நீங்க பிராண்ட் ஓனர் கணக்குல வருவீங்க. பயப்படாதீங்க, குறு, சிறு தொழில்னா அந்தப் பொறுப்பு நேரா உங்க மேல வராது, அதுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, கைல இருக்கணும், இல்லாதவங்க இன்னைக்கே எடுத்துடுங்க, இலவசம்தான். ஆனா கவர் வாங்குற கடைல ஜிஎஸ்டி பில் வாங்குங்க, கவர் தயாரிப்பாளருக்கு சிபிசிபி பதிவு இருக்கான்னு கேளுங்க. 2025 ஜூலை 1-லேர்ந்து பேக்கேஜிங் விவரத்தை கியூஆர் கோடாவோ பார்கோடாவோ தனி எண்ணாவோ கொடுக்கணும்ங்கிற விதியும் வந்திருக்கு, லேபிள் அடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு எது பொருந்தும்னு கேட்டுட்டு அடிங்க. நடுத்தரத் தொழிலா வளர்ந்துட்டா போர்ட்டல்ல பதிவு, வருஷக் கணக்கு எல்லாம் கட்டாயம். வெளிநாட்டுலேர்ந்து சரக்கு இறக்குறவங்க இறக்குமதியாளர்னு தனியா பதிவு பண்ணனும். கண்ணாடி, அட்டை, டின் பேக்கேஜிங்குக்கும் இந்தப் பொறுப்பைக் கொண்டுவர 2024 டிசம்பர்ல வரைவு விட்டாங்க, அதையும் கவனிச்சுட்டே இருங்க. என்னைக் கேட்டா முடிஞ்சவங்க ஒரே அடுக்கு கவருக்கு மாறிடுங்க, உள்ளூர்ல விக்கிறவங்க கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தா அஞ்சு ரூபாய்னு வைங்க, வாடிக்கையாளரும் திரும்பி வருவாங்க.

பதில் வரலைன்னா

கம்பெனிக்கு மெயில் போட்டு ரெண்டு வாரம் ஆகியும் பதில் இல்லைன்னா, மாடல் நம்பர், நீங்க ஃபோன் பண்ண தேதி, மெயிலோட ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேத்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்துல புகார் போடுங்க, நகல் சிபிசிபி-க்கு. எங்கயாவது ஒயர் எரிக்கிறாங்க, ஆசிட் வேலை நடக்குதுன்னா இடம், நேரத்தோட வாரியத்தோட மாவட்ட ஆபீஸுக்குச் சொல்லுங்க, அங்க கூலிக்கு வேலை செய்யற ஆளுங்க முகத்தைப் படம் எடுத்துப் போடாதீங்க, அவங்க பிழைப்புக்காக அங்க நிக்கிறாங்க, சரக்கு கொண்டுவர்ற வண்டியும் குடோன் முதலாளியும்தான் விஷயம்.

இன்னும் ஆழமா தெரிஞ்சுக்கணும்னா ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், இருக்கு, சிபிசிபி மத்திய அரசு அமைப்புங்கிறதால ஆன்லைன்லயே 10 ரூபாய் கட்டிப் போடலாம், 30 நாள்ல பதில் சொல்லணும். கேள்வியைச் சுருக்கமா வைங்க: இந்த நிறுவனத்துக்கு இந்த நிதியாண்டுல நிர்ணயிச்ச ஈபிஆர் இலக்கு எத்தனை டன், எத்தனை டன்னுக்கு சர்டிபிகேட் சமர்ப்பிச்சிருக்காங்க, அந்த சர்டிபிகேட்டை எந்தெந்த ரீசைக்ளர் உருவாக்கினாங்க, அந்த ரீசைக்ளர் ஆலைல கடைசியா எந்தத் தேதில ஆய்வு நடந்துச்சு. பதில் முழுசா வரலைன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது.